ஹாங்காங் மலைத்தடங்களும் கடற்கரைத் தடங்களும்: பஸ்ஸிலும் படகிலும் போய்வரப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாங்காங்கில் நாங்கள் மூன்று பேர் முதன்முதலாக மலைத்தடத்தில் நடந்த அன்று, கடைசி ஒரு மணி நேரத்தை இருட்டில் ஒரே ஒரு கைபேசி வெளிச்சத்தில் கடந்தோம். தடத்தில் எந்தக் குறையும் இல்லை. பெரும்பகுதி கல்லோ சிமெண்டோ பாவிய பாதை. வழி பிரிகிற இடமெல்லாம் பலகை இருந்தது. ஏறும் இடத்தை மட்டும் ஆழமாகப் படித்துவிட்டு, இறங்கும் இடத்தையும் அங்கிருந்து திரும்பும் பஸ்ஸையும் யோசிக்காமல் கிளம்பியது எங்கள் தவறு. என் நண்பர் ஒருவருக்குச் சென்னை விமான நிலையத்திலேயே வேறொரு சிக்கல் வந்தது. இரண்டுமே வீட்டில் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் வந்திருக்காது. அந்த அரை மணி நேரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஹாங்காங் என்றதும் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. அந்த மலைகளில் நடக்க நுழைவுக் கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, வழிகாட்டியை அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரும்பாலான தடங்களின் இரு முனைக்கும் பஸ்ஸோ மினிபஸ்ஸோ படகோ போகிறது. வாடகைக் கார் எடுக்க வேண்டாம். காரை விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியிருப்பதால் நல்ல தடங்களுக்குக் கார் இடைஞ்சல்தான்.

1. வீட்டிலேயே முடிக்க வேண்டியது: வருகை முன்பதிவு

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவாகப் போக, ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் இல்லை. விவரங்களை நிரப்பி அனுப்பினால் முடிவு பெரும்பாலும் உடனே திரையில் வந்துவிடும். ஏற்கப்பட்டால் ஒரு சீட்டு கிடைக்கும். அதை வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்து, கையெழுத்திட்டு எடுத்துச் செல்லுங்கள். பதிவு ஆறு மாதம் செல்லும். அதற்குள் எத்தனை முறையும் போகலாம். ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 14 நாள் தங்கலாம். குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் பதிவு வேண்டும். பதிவு மறுக்கப்பட்டால் முறையான விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இந்த வழி கிடையாது, விசாதான். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

தமிழர்களுக்கென்றே காத்திருக்கும் பொறி, பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். என் நண்பர் வழக்கம்போல இனிஷியலை விரித்து எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சீட்டில் ஒரு பெயர். விமான நிறுவனத்தின் கவுண்டரில் அவரை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். கவுண்டர் மூடுவதற்குள் கைபேசியிலேயே புதிதாகப் பதிவு செய்து, அச்செடுக்கக் கடை தேடி அவர் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். பாஸ்போர்ட்டின் எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ, ஒரு புள்ளி மாறாமல் அதையே படிவத்திலும் டிக்கெட்டிலும் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் பாஸ்போர்ட் எண்ணை இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்துதரும் இணையதளங்களும் உண்டு. அவை தேவையே இல்லை.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கையிருப்புக்கான சான்று ஆகியவற்றையும் தாளாகவே வைத்திருங்கள். அதிகாரி கேட்டால் கைபேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று அச்சிட்ட சிறு துண்டுச் சீட்டைத் தருவார்கள். அதைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரப்படுத்துங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது மலைநடைக்கும் அது பொருந்துமா என்று பாருங்கள். வெளிநாட்டவர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனாலே ஆயிரம் ஹாங்காங் டாலருக்கு மேல் கட்ட வேண்டும். ஒரு டாலர் நமக்கு 11 ரூபாயை ஒட்டி வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. எந்த மாதம், எந்தக் கிழமை

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. நாம் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று ஜூலையில் போகாதீர்கள். அங்கே கோடையில் காற்றே நனைந்ததுபோல இருக்கும். வியர்வை உலராது, உடல் சூடு தணியாது. புயலும் பெருமழையும் அந்த மாதங்களில்தான்.

குளிர்காலத்தில் இன்னொன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மறைவது மாலை 5.40 வாக்கில். மலைமடிப்புக்குள் அதற்கும் முன்பே வெளிச்சம் போய்விடும். நான்கு மணிக்குத் தடம் முடியும்படி கணக்குப் போடுங்கள்.

கிழமைக்கு வருகிறேன். சில பஸ்கள் ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாள்களில் மட்டும் ஓடும். வேறு சில அன்றைக்குக் கட்டணத்தை உயர்த்திவிடும். லாண்டாவ் தீவின் பஸ்களும் தீவுப் படகுகளும் அப்படித்தான். முன்னோர் கல்லறைகளுக்கு மக்கள் மலையேறும் சிங் மிங், சுங் யுங் நாள்களில் கூட்டம் அலைமோதும்; அன்று போக வேண்டாம். என் யோசனை: லாண்டாவுக்கும் டிராகன்ஸ் பேக் தடத்துக்கும் வாரநாள், கடலோர மலைப்பகுதியான சாய் குங்குக்கு ஞாயிறு. காரணம் கீழே வருகிறது.

3. ஆக்டோபஸ் அட்டை, சில்லறை, மினிபஸ்

விமான நிலையத்திலேயே ஆக்டோபஸ் அட்டையை வாங்கிவிடுங்கள். வயதுவந்தோருக்கான வழக்கமான அட்டை 150 டாலர்; அதில் 50 முன்பணம், 100 செலவழிக்க. மெட்ரோ, பஸ், டிராம், படகு, பச்சை மினிபஸ், பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் இதுவே போதும். பஸ்ஸில் நடத்துனர் கிடையாது. ஏறும்போதே அட்டையைக் காட்ட வேண்டும். காசாகக் கொடுத்தால் மீதி தர மாட்டார்கள்.

அதற்காகக் கையில் காசே இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். டாக்சிக்கும் கடற்கரையோரச் சிறு கடைகளுக்கும் 300 டாலராவது, சிறிய நோட்டுகளாக வையுங்கள். நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லாத கடைக்காரரை நம்மூரில் பார்த்திருப்பீர்கள். சாய் குங் பகுதியின் ஹாம் டின் கடற்கரையில் ஐந்நூறு டாலர் நோட்டுக்கும் அதே கதிதான்.

மினிபஸ் புதியவர்களைப் பயமுறுத்தும். 16 அல்லது 19 இருக்கைகள். நின்றுகொண்டு பயணிக்க அனுமதி இல்லை. நிறைந்துவிட்டால் நடுவழி நிறுத்தங்களில் நிற்காது. ஆகவே கிளம்பும் இடத்திலேயே போய் ஏறுங்கள். சில வண்டிகளில் மணிப் பொத்தான் இருக்காது, இறங்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் "யாவ் லோக்!" என்று ஓட்டுநர் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். இறங்க ஆள் இருக்கிறது என்று பொருள். நான் முதலில் கூச்சப்பட்டு மெதுவாகச் சொன்னேன், ஓட்டுநர் காதில் விழவில்லை. பின் இருக்கையிலிருந்த பாட்டி ஒருவர் எனக்காகக் குரல் கொடுத்தார், வண்டி நின்றது. இறங்கும் இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் கைபேசியில் சேமித்து ஓட்டுநரிடம் காட்டுவதும் நல்ல வழி.

4. முதல் நாள்: டிராகன்ஸ் பேக்

நேரே கடினமான தடத்துக்குப் போகாதீர்கள். ஷாவ் கெய் வான் மெட்ரோ நிலையத்தின் ஏ3 வாயிலில் இறங்கினால் பஸ் நிலையம். அங்கே 9 எண் பஸ்ஸில் ஏறி தோ டெய் வான் நிறுத்தத்தில் இறங்குங்கள். இது 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஹாங்காங் தடத்தின் எட்டாவது, கடைசிப் பகுதி, 8.5 கிலோமீட்டர். மிக உயர்ந்த இடம் 284 மீட்டர் உயர ஷெக் ஓ சிகரம். மெதுவாக நடந்தாலும் மூன்று மணி நேரம் தாராளம்.

முகட்டில் நடக்கும்போது இரு பக்கமும் கடல் தெரியும். நிழல் இல்லை, தொப்பி வேண்டும். தடம் முடிவது பிக் வேவ் பே கடற்கரையில். கால் நனைத்துவிட்டு, அங்கிருந்து ஷாவ் கெய் வான் திரும்பும் மினிபஸ்ஸைப் பிடியுங்கள். போக வர பஸ் செலவு 25 டாலருக்குள் அடங்கிவிடும். இந்த ஒரு நாளில் அட்டை, பஸ், பலகை, உங்கள் நடை வேகம் எல்லாம் பிடிபட்டுவிடும்.

5. மலை வேண்டும் என்பவர்களுக்கு: லாண்டாவ் சிகரம்

934 மீட்டர். ஹாங்காங்கின் இரண்டாவது உயரமான மலை. டுங் சுங் மெட்ரோ நிலையம் வரை ரயில். வெளியே உள்ள பஸ் நிலையத்தில் 3எம், 11, 23 ஆகிய எந்த எண்ணில் ஏறினாலும் பாக் குங் ஆவ் கணவாயில் இறங்கலாம். அங்கிருந்து, பெரிய புத்தர் சிலை இருக்கும் ஙோங் பிங் வரை லாண்டாவ் தடத்தின் மூன்றாம் பகுதி, 4.5 கிலோமீட்டர்தான். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏறக்குறைய முழுவதும் கற்படி. வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இந்தப் படிகளின் மனநிலை புரியும். ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை. இறங்கும்போதுதான் முழங்கால் கேட்கும். ஊன்றுகோல் இருந்தால் கொண்டுபோங்கள்.

உச்சியில் காற்று பலமாக இருக்கும். கீழே அரைக்கைச் சட்டையோடு நிற்பவர்கள் மேலே நடுங்குவார்கள். காற்று புகாத மேலுடை ஒன்று கட்டாயம்.

மறுபக்கம் இறங்கினால் மரத்தூண்கள் நிற்கும் சரிவு வரும். 38 தூண்கள், ஒன்றைத் தவிர மற்றவற்றில் இதய சூத்திரம் என்ற பௌத்த நூலின் எழுத்துகள். அதைத் தாண்டினால் போ லின் மடமும் பெரிய புத்தர் சிலையும். மடத்தில் சைவ உணவு கிடைக்கும். முட்டையும் மீனும் எதில் கலந்திருக்குமோ என்று ஊர் முழுக்க விசாரித்துச் சாப்பிடும் நம் ஆட்களுக்கு அது பெரிய நிம்மதி. பிற்பகலில் உணவு முடிந்துவிடும் என்பதால், காலை எட்டு மணிக்குக் கணவாயில் இருங்கள். திரும்ப 23 எண் பஸ். டுங் சுங்குக்குப் போகும் கேபிள் காரை நம்பித் திட்டம் போடாதீர்கள்; பலத்த காற்றிலும் பராமரிப்பு நாள்களிலும் அது ஓடாது.

6. கடலும் மலையும் சேர்ந்தது: சாய் குங்

நான் திரும்பத் திரும்பப் போக ஆசைப்படுவது இங்கேதான். நாங்கள் இருட்டில் மாட்டிக்கொண்டதும் இங்கேதான்.

நூறு கிலோமீட்டர் நீளமுள்ள மெக்லிஹோஸ் தடத்தின் இரண்டாம் பகுதி, லாங் கே கடற்கரையிலிருந்து பாக் டாம் ஆவ் வரை 13.5 கிலோமீட்டர். சாய் குங் ஊர்தான் இதற்கு வாசல். சோய் ஹங் மெட்ரோ நிலையத்திலிருந்து 1ஏ பச்சை மினிபஸ், டைமண்ட் ஹில்லிலிருந்து 92 எண் பஸ். தண்ணீரும் பழமும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

இனி இரண்டு வழி.

முதலாவது, கிழக்கு அணையிலிருந்து முழுதாக நடப்பது. ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் அணையோரம் அறுகோணத் தூண்களாக எழுந்து நிற்கும் எரிமலைப் பாறைகளைப் பார்க்கலாம். 14 கோடி ஆண்டு பழையவை. அங்கே போவதுதான் சிரமம். தனியார் கார்களுக்குத் தடை. பூங்கா வாயிலான பாக் டாம் சுங்கிலிருந்து போகும் 9ஏ மினிபஸ் எல்லா நாளும் ஓடாது, காலையில் அதை நம்ப முடியாது. ஆகவே காலையில் சாய் குங்கிலிருந்து பச்சை டாக்சி. 150 டாலருக்கு மேல் ஆகும், நான்கு பேர் பகிர்ந்துகொள்ளலாம். தனியாகப் போனால் செலவில் பெரிய பங்கு இதுதான். நடக்க ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் 314 மீட்டர் சாய் வான் மலையை ஏறி இறங்க வேண்டும்.

இரண்டாவது, புதியவர்களுக்கு நான் சொல்வது. சாய் குங்கிலிருந்து 29ஆர் மினிபஸ்ஸில் சாய் வான் மண்டபம் வரை போய், அங்கிருந்து இறங்குவது. வாரநாள்களில் இந்த வண்டி விரல்விட்டு எண்ணும் அளவே ஓடும், ஞாயிறுகளில் கூடுதல். முக்கால் மணி நேரத்தில் சாய் வான் கடற்கரை. அடுத்த மேட்டைத் தாண்டினால் ஹாம் டின். மணலில் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். கடைக்குப் போக ஓடையின் மேல் ஒரு பலகைப் பாலம். ஒற்றைப் பலகை அகலம், கைப்பிடி இல்லை, கால் வைத்தால் லேசாக வளைந்து கொடுக்கும். எதிரில் ஆள் வந்தால் காத்திருந்துதான் போக வேண்டும். கடையில் நூடுல்ஸும் டீயும் கிடைக்கும். வாரநாளில் மூடியிருக்கலாம், ஆகவே புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். கடலில் இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர் இல்லை, அலையின் இழுப்பு கடுமை.

ஹாம் டின்னில் கடிகாரத்தைப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. மணலும் டீயும் இழுக்க, மாலை நாலரைக்குத்தான் எழுந்தோம். அங்கிருந்து ஒரு கணவாய் ஏறி, செக் கெங் கிராமத்தில் இறங்கி, மறுபடி பாக் டாம் ஆவ் வரை ஏறினால்தான் சாலை. இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். செக் கெங்கில் இருட்டிவிட்டது. மூன்று கைபேசிகளில் இரண்டு படம் எடுத்தே தீர்ந்துபோயிருந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஹாம் டின்னில் உட்காராதீர்கள்.

பாக் டாம் ஆவ் நிறுத்தத்தில் 94 எண் பஸ் சாய் குங் கொண்டு சேர்க்கும். ஞாயிறு, விடுமுறை நாள்களில் 96ஆர் நேராக டைமண்ட் ஹில் மெட்ரோவுக்கே போகும். ஞாயிறு போங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். காலையில் கிளம்பும் முன்பே இந்த இரண்டின் கடைசி நேரத்தையும் போக்குவரத்துத் துறையின் எச்கேஇமொபிலிட்டி (HKeMobility) செயலியில் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து சாய் குங்குக்கு வேகப்படகு கிடைக்கும் என்று சொல்வார்கள். கிடைக்கும்தான், கடல் ஒத்துழைத்தால், ஆள் சேர்ந்தால்.

7. குழந்தைகள், பெரியவர்களோடு வந்தால்: லாமா தீவு

சென்ட்ரல் 4ஆம் துறையிலிருந்து யுங் ஷூ வானுக்கு அரை மணி நேரப் படகு. அங்கிருந்து சோக் க்வூ வான் வரை சிமெண்டுப் பாதையில் ஒன்றரை மணி நேர நடை, நடுவில் கடற்கரை. சோக் க்வூ வானிலிருந்து திரும்பும் படகு அடிக்கடி கிடையாது. துறையில் இறங்கியவுடன் நேரப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. காலையில் வானிலை

ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் செயலியைக் கைபேசியில் வையுங்கள். பெருமழைக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று படி. மஞ்சளுக்கே தடத்துக்குப் போகாதீர்கள். ஓடைகள் நிமிடங்களில் பெருகும். புயலுக்கு 1, 3, 8, 9, 10 என எச்சரிக்கை எண்கள். 8 ஏற்றினால் பஸ்ஸும் படகும் படிப்படியாக நின்றுவிடும். 3 ஏற்றியிருக்கும்போது தீவில் இருந்தால், அடுத்த படகிலேயே திரும்பிவிடுங்கள்.

9. முதுகுப்பையில்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நெற்றியில் கட்டும் விளக்கு, பவர் பேங்க், பாஸ்போர்ட், ஒரு குப்பைப் பை. தடங்களில் குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். வாழைப்பழத் தோல் உட்பட எல்லாவற்றையும் ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குப்பை போட்டால் அபராதம் 3,000 டாலர். கவுலூன் நீர்த்தேக்கங்களின் பக்கம் குரங்குகள் அதிகம். பழம் கொடுத்தால் 5,000 டாலர். புண்ணியம் என்று நினைத்துக் கை நீட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டாலே குரங்கு பறிக்க வரும்.

10. வழி தவறினால்

நான்கு நெடுந்தடங்களிலும் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எண்ணிட்ட கம்பம் உண்டு. மெக்லிஹோஸ் தடத்தில் எம், லாண்டாவ் தடத்தில் எல், ஹாங்காங் தடத்தில் எச் என்று தொடங்கும். ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும்போது எண்ணைப் படம் எடுங்கள். அவசரத்தில் 999 அழைத்து அந்த எண்ணைச் சொன்னால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மீட்புப் படைக்குத் தெரிந்துவிடும். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லையென்றால் 112 அழையுங்கள்; வேறு நிறுவனத்தின் சிக்னல் அங்கே இருந்தாலும் இணைப்புக் கிடைக்கும். இதற்காகவே வந்த அன்று உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், பத்து நிமிட வேலை.

அறையில் யாரிடமாவது, இல்லாவிட்டால் ஊரில் இருப்பவரிடம், தடத்தின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். இந்திய நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நான் சொல்ல மறந்ததால், அம்மா ஒரு மாலை முழுவதும் தவறான கணக்கில் காத்திருந்தார்.